அட்டைப்பெட்டி ரூமில் கீப் வகுப்பு

ஏப்ரல் 7, திங்கள்

கம்பெனியில் வருஷா வருஷம் ஆபீஸ் ஸ்டாஃபுக்கு டைரி கொடுப்பார்கள். நான் புதுசு என்பதால் மிச்சம் விழுந்த ஒன்று இன்றுதான் கைக்கு வந்தது. தடி அட்டை, உள்ளே எம்.டி. படம். வீணாக்குவானேன் என்று எழுதுகிறேன்.

ஹெச்.ஆர். மேனேஜர் திருமூர்த்தி சார் கூப்பிட்டார். "ஏனம்மிணி, நீங்க எம்.ஏ. இங்கிலீஷ்தானே?"

"தபால்லங்க சார்."

"எதுல படிச்சா என்ன, இங்கிலீஷ் இங்கிலீஷ்தான்."

விஷயம் இதுதான். மே 6 அன்று வெளிநாட்டிலிருந்து பையர் அம்மா வருகிறார். நமக்கு ஆர்டர் கொடுக்கிறவர். தையல் பெண்களிடம் அவரே நேரில் பேசுவாராம். பக்கத்துக் கம்பெனியில் இப்படித்தான் பேச வந்து, கூட வந்த மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மொழிபெயர்த்துவிட்டாராம். ஆர்டர் போய்விட்டது. அதனால் நம் பெண்கள் இங்கிலீஷிலேயே பதில் சொல்ல வேண்டும் என்பது எம்.டி. யோசனை.

"இங்கிலீஷ்ல பேசுனா நாம சொல்லிக் குடுத்ததுக்கு மேல ஒரு வார்த்தை வராதுல்லங்க?" என்றார் திருமூர்த்தி சார். எனக்கே ஒரு நிமிஷம் மலைப்பாக இருந்தது.

வார்த்தையையும் எம்.டி.யே முடிவு செய்துவிட்டார். கீப். வழியை அடைக்காம வைக்கிறோம், ஊசியை டப்பாவுல வைக்கிறோம், பிள்ளைங்களை இங்க வச்சுக்கிறோம். எது கேட்டாலும் கீப் போட்டு அடித்துவிடலாம் என்கிறார். ஒழுங்காக நடந்தால் என் வேலையை நிரந்தரம் ஆக்குவார்களாம்.

சாயங்காலம் உடுமலையிலிருந்து அக்கா போன். தனுவை ஜூனில் அங்கேயே எல்.கே.ஜி. சேர்த்துவிடலாமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அரிசி ஊறவைக்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

முதல் வகுப்பு. இடம், கீழ்த்தளத்தில் கடைசி ரூம். வெளியே 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு. உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. காப்பகம் இருக்கணும் என்பது சட்டம், அதனால் போர்டு இருக்கிறது. பெண்கள் ஆளுக்கொரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

சுவரில் சாக்பீஸால் கீப் என்று எழுதி, எல்லோரும் சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். ஒருத்தரும் சொல்லவில்லை. பின்னால் ஒருத்தி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்புறம் ரூமே சிரித்தது.

மடிக்கிற செக்‌ஷன் பஞ்சவர்ணம் அக்காதான் வாயைத் திறந்தது. "கண்ணு, அந்த வார்த்தையை நாங்க சண்டையிலதான் சொல்லுவோம். எங்க தெருவுல ஒரு மேஸ்திரிக்கு அப்படி ஒண்ணு இருக்குது. அவளுக்குத்தான் அந்தப் பேரு."

இங்கிலீஷில் அது மரியாதையான வார்த்தை என்று விளக்கினேன்.

"அங்க அவளுக்கு மரியாதை இருக்குதுங்களா?"

வகுப்பு முடிய அரைமணி ஆனது. 'முதல் நாளே நல்ல ஆர்வம்' என்று திருமூர்த்தி சாருக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

உடுமலை போய் வந்தேன். நாளைக்கு வருஷப்பிறப்பு என்று தனுவுக்கு மஞ்சள் கவுன் வாங்கிப் போனேன். தோள் இறுக்கம். போன தடவை எடுத்த அளவு இப்போது செல்லாது என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தனு என் பெண். முழுப்பேர் தன்ஷிகா. நானும் அவள் அப்பா ஜெகதீசும் வேலைக்குப் போய்விட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஒன்றரை வயசில் அக்கா வீட்டில் விட்டோம். ஆறு மாசம் என்றுதான் பேச்சு. இப்போது மூணரை வயசு. அக்காவுக்குப் பிள்ளை இல்லை.

நான் போனபோது அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு அக்காவிடம், "அம்மா, சித்தி வந்துருக்கு" என்றாள்.

"சித்தி இல்லடி, வினோம்மாடி அது" என்று அக்கா அவசரமாகத் திருத்தினாள். பிறகு எனக்குக் காபி போடப் போய்விட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம்.

ஏப்ரல் 16, புதன்

மூன்று வாக்கியமும் எல்லோருக்கும் வந்துவிட்டது. கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறார்கள். ஆனால் இப்போது வேறு தொல்லை. ஒரே வார்த்தைக்கு இத்தனை நாளா என்று அலுத்துப்போய், இதுக்கு வேற என்னென்ன அர்த்தம் டீச்சர் என்று கேட்கிறார்கள். மேடம் போய் டீச்சர் ஆகிவிட்டேன்.

சொன்னேன். பேசாமல் இருக்கவும் கீப். இடது பக்கமாகப் போகவும் கீப். ஆடு மாடு வளர்க்கவும், கணக்கு எழுதவும், சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் கீப். விடாமல் நடந்துகொண்டே இருக்கிறதற்கும் அதேதான்.

"வெள்ளைக்காரங்களுக்கு வார்த்தைப் பஞ்சம் போல" என்றது பஞ்சவர்ணம் அக்கா.

தையல் லைனில் அன்னக்கொடி என்று ஒரு பெண். ஆண்டிபட்டிப் பக்கம். அதிகம் பேசாது. அது கேட்டது: "டீச்சர், பாத்துக்கங்கன்னு ஒருத்தர் நம்மகிட்டக் குடுத்ததை, நாமளே வச்சுக்கிட்டா? அதுக்கும் கீப்தானா?"

ஆமாம் என்றேன்.

அதற்கு மேல் தலைவலியாக இருந்ததால் வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

அட்டைப்பெட்டிகளை ஏற்றிக் குடோனுக்கு அனுப்பியாயிற்று. ரூமுக்கு ரோஸ் பெயிண்ட். சுவரில் யானை, வாத்து, ஒரு மாம்பழம். பெயிண்டர் மாம்பழத்துக்கும் கண் வரைந்திருக்கிறான். பாய், பந்து, இரண்டு தூளி, ஒரு மர ஆடுகுதிரை. பஞ்சவர்ணம் அக்காவை ஒரு நாள் ஆயாவாக நியமித்து நீலச் சேலை கொடுத்தார்கள்.

"பிள்ளைங்க வேணுமே அம்மிணி" என்றார் திருமூர்த்தி சார். "ஒரு பத்துப் பதினஞ்சு. ஒரு நாளைக்குத்தான். அழாத பிள்ளைங்களாப் பாருங்க."

வகுப்பில் கேட்டேன். அன்னக்கொடி முதலில் கை தூக்கியது. பையன் சர்வேசுக்கு ரெண்டு வயசாம். வேலைக்கு வரும்போது பையனை எங்கே விடுகிறாய் என்று சும்மாதான் கேட்டேன்.

"கட்டில் கால்ல சேலையால கட்டிப் போட்டுட்டு வாரேன் டீச்சர். நீளமாத்தான் கட்டுவேன். தண்ணிக் கொடம் எட்டும்."

மற்றவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை போலிருக்கிறது. வாக்கியங்களை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வீ கீப் சில்ட்ரன் ஹியர். நன்றாகவே சொன்னார்கள்.

ஏப்ரல் 30, புதன்

சாப்பாட்டு நேரத்தில் அன்னக்கொடி என் மேஜைக்கு வந்தது. "டீச்சர், தினமும்னா இங்கிலீஷுல என்ன?"

"எவ்ரி டே. எதுக்கு?"

"சும்மாதான்."

உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனது.

மே 6, செவ்வாய்

நடந்துவிட்டது.

பையர் அம்மா நல்ல உயரம். கதர் மாதிரி ஒரு சட்டை. எம்.டி. மாலை போட வந்தபோது குனியச் சொல்ல யாருக்கும் இங்கிலீஷ் வராமல், மாலை கையில் கொடுக்கப்பட்டது.

ஊசி, வழி, எல்லாம் சரியாகப் போயிற்று. பஞ்சவர்ணம் அக்காவிடம் உங்கள் பெயர் என்ன என்று கேட்டதற்கு அக்கா "வீ கீப் நீடில் இன் பாக்ஸ்" என்றது. அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

பிறகு காப்பகம். பிள்ளைகள் அழவில்லை. அழ நேரமில்லை, அத்தனை பந்தை அவர்கள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அன்னக்கொடி பையன் ஆடுகுதிரையை விட்டு இறங்கவே மாட்டேன் என்றான். அந்த அம்மா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்னக்கொடியைப் பார்த்து என்னவோ கேட்டார். அதற்குக் கேள்வி புரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

"வீ கீப் சில்ட்ரன் ஹியர்" என்றது. ஒரு மூச்சு விட்டு, "எவ்ரி டே."

திருமூர்த்தி சார் என்னைப் பார்த்தார். அவர் சொல்லிக் கொடுக்கச் சொன்ன வாக்கியத்தில் அது இல்லை. நான் மாம்பழத்தின் கண்ணைப் பார்த்தேன்.

மூணு வருஷத்துக்கு ஆர்டர் உறுதி. எல்லோருக்கும் ஜிலேபி.

மே 7, புதன்

காலையில் அன்னக்கொடி பையனைத் தூக்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே மற்றவர்களும். நேராக ரோஸ் ரூமுக்குப் போய்ப் பிள்ளைகளை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டார்கள். பஞ்சவர்ணம் அக்கா நீலச் சேலையில் வாசலில் நின்று ஒவ்வொன்றுக்கும் மூக்கு துடைத்து உள்ளே அனுப்பியது.

திருமூர்த்தி சார் வந்து பார்த்தார். "ஏனுங்க இது, நேத்தே முடிஞ்சுதல்லங்க?"

"அந்தம்மாகிட்டத் தினமும்னு சொல்லிட்டமுங்க சார்" என்றது பஞ்சவர்ணம் அக்கா. "சொல்லிப்போட்டு வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

சார் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னைக்கு ஒரு நாள் போகட்டும் என்றார்.

மே 9, வெள்ளி

இனிமேல் பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டாம் என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. நேற்றே சொன்னேன். சரிங்க டீச்சர் என்றார்கள். இன்று கூட்டி வந்தார்கள். இன்றும் சொன்னேன். சரிங்க டீச்சர் என்றார்கள்.

பஞ்சவர்ணம் அக்கா புது விளக்குமாறு கேட்கிறது. எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. ஆபீஸ் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

உடுமலை. மாமா எல்.கே.ஜி. யூனிபார்ம் துணியே எடுத்து வந்துவிட்டார். நீலக் கட்டம். ஜூன் ரெண்டாம் தேதி ஸ்கூல் திறக்கிறது. அக்கா அதை என் முன்னால் பிரிக்காமல் பீரோவில் வைத்தாள்.

தனு என்னிடம் வந்து அவள் வரைந்த வீட்டைக் காட்டினாள். வீட்டுக்குள் மூன்று பேர். நான் எங்கே என்று கேட்டதற்கு வெளியே ஒரு பஸ் வரைந்தாள்.

மாமா வெளியே போன பிறகு அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "வினோ, நீ ஒவ்வொரு தடவை வர்றப்பவும் கூட்டிட்டுப் போயிருவியோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. கூட்டிட்டுப் போகாம போனா, இவ எப்படித்தான் விட்டுட்டுப் போறாளோன்னு உன் மேல கோவம் வருது. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல."

எனக்கும் தெரியலைக்கா என்றேன். மீதி வெங்காயத்தை நான் உரித்தேன்.

ராத்திரி ஜெகதீசிடம் சொன்னேன். இங்கே கூட்டி வந்தால் யார் பார்ப்பார்கள் என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. சாயப்பட்டறையில் ஒன்றரை ஷிப்டு முடித்து வருகிறவர்.

மே 13, செவ்வாய்

திருமூர்த்தி சார் என் மேஜையில் ஒரு பூட்டு வைத்தார். திண்டுக்கல் பூட்டு, புதுசு. "நீங்க ஆரம்பிச்சு வச்ச வகுப்பு, நீங்களே பூட்டுங்க. நிரந்தரம் பண்ற லெட்டர் டைப் ஆகிட்டு இருக்குது" என்றார்.

பிள்ளைகள் வருவதற்குள் ரோஸ் ரூமைப் பூட்டினேன். இதில் எழுத ஒன்றுமில்லை. கை அதுபாட்டுக்குச் செய்தது.

பெண்கள் வந்து பார்த்தார்கள். சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன். அன்னக்கொடி பூட்டைத் தொட்டுப் பார்த்தது. "சரிங்க டீச்சர். அப்ப நாங்க வாரோம்" என்றது. பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து மணிக்குக் கைப்பகுதி தைக்கிற இடத்தில் துணி குவிய ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்குக் கழுத்துப் பட்டி. அதற்கப்புறம் லைன் நின்றது. வெள்ளிக்கிழமை லோடு தூத்துக்குடி போக வேண்டும். இந்த ஊரில் டைலர் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பது எம்.டி.க்குத் தெரியும்.

மூணு மணிக்கு எம்.டி. கீழே வந்தார். "யாரு பூட்டச் சொன்னது?"

திருமூர்த்தி சார் என்னைப் பார்த்தார். நான் பூட்டைப் பார்த்தேன்.

"தெறங்க."

திறந்தேன். எம்.டி. உள்ளே எட்டிப் பார்த்தார். யானை, வாத்து, ஆடுகுதிரை எல்லாவற்றையும் பார்த்தார். "நல்லாத்தானே இருக்குது" என்றார். "இது நம்ம ரூமா?"

ஷிப்மெண்ட் போகிற வரைக்கும் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கம்பெனியில் ஷிப்மெண்ட் முடிந்த நாள் ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

அன்னக்கொடிக்கு நான்தான் போன் செய்தேன். ரூம் திறந்தாச்சு என்றேன்.

"நாளைக்கு மட்டுமா டீச்சர்?"

"எவ்ரி டே" என்றேன்.

மே 19, திங்கள்

பாத்ரூம் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். போனதும் மறந்துவிட்டது.

"சார், அந்த ரூம்ல ஆபீஸ் ஸ்டாஃப் பிள்ளைங்களும் இருக்கலாமுங்களா?"

"யாரு பிள்ளை?"

"என்னோடதுங்க."

திருமூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குக் குழந்தை இருக்குதா? ஒரு நாளும் சொன்னதில்லையே."

"யாரும் கேட்கலைங்க சார்."

கழற்றிய கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவருக்கும் இரண்டு பெண்கள். காலேஜ் படிக்கிறார்கள். கடைசியில், "அழுவாளா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலைங்க சார்" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. வெளியே வந்து கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மே 25, ஞாயிறு

கூட்டி வந்துவிட்டேன்.

போனிலேயே சொல்லியிருந்ததால் அக்கா பையை எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு உடுப்பும் இஸ்திரி போட்டு. வலது பக்கம் திரும்பிப் படுத்தால்தான் தூங்குவாள், பாலில் ஆடை இருக்கக் கூடாது, இடி இடித்தால் காதைப் பொத்த வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். என் பிள்ளையைப் பற்றி எனக்கு ஒருத்தர் பாடம் எடுக்கிறார். நான் நல்ல மாணவியாக இருந்தேன்.

"நான் வச்சுக்கணும்னு நெனச்சதில்ல வினோ" என்றாள் அக்கா. பிறகு, "பொய் சொல்றேன். நெனச்சேன்" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாங்கள் இரண்டு பேரும் வருவோம் என்றேன். அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. மாமா வந்தார். பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்புவதற்கு முன்பே திரும்பி நடந்துவிட்டார்.

தனு பல்லடம் வரைக்கும் அழுதாள். திருமூர்த்தி சார் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மே 26, திங்கள்

அழுதாள். யூனிபார்ம் துணியை அக்கா பைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறாள். இப்போதுதான் பார்த்தேன்.

மே 28, புதன்

அழுதாள். ஆனால் சர்வேஷ் ஆடுகுதிரையில் பின்னால் இடம் கொடுத்ததும் நிறுத்திவிட்டாளாம். பஞ்சவர்ணம் அக்கா சொன்னது.

"உன்னைக் கூப்பிட யாரு கண்ணு வருவான்னு கேட்டேன். சித்தி வரும்னு சொல்லுச்சு. உங்க தங்கச்சிங்களா?"

வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

மே 30, வெள்ளி

வேலை நிரந்தரம் ஆன லெட்டர் வந்தது. என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

வகுப்பை நிறுத்த வேண்டாம் என்கிறார்கள் பெண்கள். இன்னொரு வார்த்தை வேண்டுமாம். இந்தத் தடவை அவர்களே தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். பஞ்சவர்ணம் அக்கா, கேட்டதும் சிரிப்பு வராத வார்த்தையாக இருந்தால் தேவலை என்றது.

சாயங்காலம் சங்கு ஊதியதும் எல்லோரும் ரோஸ் ரூமுக்கு ஓடினார்கள். நானும் போனேன், பின்னால். பிள்ளைகள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முதல் தலை தெரிந்ததும் அம்மா அம்மா என்று ஒரே கத்தல். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாத அளவுக்குச் சத்தம். அதில் தனுவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் சுவரிலிருந்து ஒட்டிய ரோஸ் பொடியோடு, என்னைப் பார்த்து அம்மா என்று கத்தினாள்.

எல்லாரும் கத்துகிறார்களே என்று கத்தினாளோ என்னவோ. நான் விசாரிக்கவில்லை. போய்த் தூக்கிக்கொண்டேன்.